ஒன்றரை மில்லிகிராம் மதுரை

மினி இட்லி அளவில் ஒரு வெள்ளை வட்டம். 47 மில்லிமீட்டர் விட்டமுள்ள டெஃப்லான் ஃபில்டர். காற்றிலுள்ள பி.எம். 2.5 துகளை, அதாவது 2.5 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ விட்டமுள்ள நுண்துகளை, எடைபோட்டு அளக்கும் கருவிக்குள் இதைத்தான் வைக்கிறார்கள். கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் காற்றை உறிஞ்சும். 24 மணி நேரத்தில் அது 24 கன மீட்டர், ஒரு ஆள் ஒரு நாளில் இழுத்துவிடும் காற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அன்றைய காற்று அந்த வரம்பைச் சரியாகத் தொட்டிருந்தால் ஃபில்டரில் சேர்ந்திருப்பது 1.44 மில்லிகிராம். ஒரு அரிசிமணியின் எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோகிராம்தான். அந்தக் கணக்குக்குப் போனால் அரிசிமணியில் நாற்பதில் ஒரு பங்கு.

மதுரையில் மொட்டை மாடி ஒன்றில் ஒரு நாள் வைத்தெடுத்த ஃபில்டரில் என்னென்ன இருக்கும், அது நெஞ்சுக்குள் போனால் என்ன செய்யும் என்பதை எழுதப்போகிறேன். எடையைக் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவது பெரிய தவறு என்பது என் உறுதியான எண்ணம். செம்மண் தூசியும் டீசல் கரியும் அப்போதுதான் உடைத்த கல்லின் மாவும் ஒரே எடையில் இருந்தாலும் உடம்புக்குள் செய்கிற வேலை வெவ்வேறு.

முதலில் அந்த எடையே எப்படித் தவறிப்போகும் என்று பார்த்துவிடலாம். ஃபில்டரை எடைபோடும் முன்பும் பின்பும் ஒரே வெப்பத்திலும் ஒரே ஈரப்பதத்திலும் 24 மணி நேரம் வைத்துப் பதப்படுத்த வேண்டும். துகள்கள் ஈரத்தை உறிஞ்சுபவை. ஐப்பசி அடைமழையில் எடுத்ததை அப்படியே தராசில் வைத்தால் தண்ணீரையும் சேர்த்து எடைபோட்டதாகிவிடும். டெஃப்லானில் நிலைமின்சாரம் ஏறிக்கொள்ளும். அதை நீக்காமல் வைத்தால் மைக்ரோ தராசின் எண் நிலைகொள்ளாமல் ஓடும். பெரிய துகளைத் தடுத்து நிறுத்தும் தட்டைத் துடைத்து எண்ணெய் மாற்றாமல் விட்டால் பெருந்தூசி அதில் ஒட்டாமல் துள்ளி ஃபில்டருக்கே போய்விடும், அளவு கூடிக் காட்டும். நடுவில் கரண்ட் போனால் உறிஞ்சிய காற்று குறையும். கருவியின் மீட்டரில் பதிவான கன அளவால் வகுக்காமல் 24 என்று வைத்து வகுத்தால் அளவு குறைந்து காட்டும். சித்திரை வெயிலில் இன்னொரு நஷ்டமும் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

எடைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. 10 மைக்ரான் விட்டமுள்ள ஒரு துகளின் எடைக்கு 2.5 மைக்ரான் துகள்கள் 64 வேண்டும். 1 மைக்ரான் என்றால் ஆயிரம். 0.1 மைக்ரான் என்றால் பத்து லட்சம். (தலைமுடியின் தடிமன் ஐம்பது முதல் எழுபது மைக்ரான், ஒரு மில்லிமீட்டருக்கு ஆயிரம் மைக்ரான்.) ஆகவே ஒரு லாரி கிளப்பிய புழுதி தராசை இழுத்துப்பிடிக்கும். பக்கத்தில் நிற்கும் ஆட்டோவின் புகையில் எண்ணிக்கை கோடிக்கணக்கில் இருந்தாலும் தராசு அசையாது. விழும் வேகத்திலும் இந்த வித்தியாசம் தெரியும். காற்றசையாத அறையில் 10 மைக்ரான் துகள் 3 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர கால்மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு ஏறக்குறைய ஒரு முழு நாள். கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் படிந்து வீட்டுக்காரரைத் துடைக்க வைக்கிறது. தெரியாதது அறையிலேயே மிதந்து மூச்சோடு போகிறது.

இனி ஃபில்டரில் உள்ளவை. முதலில் மண். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், ஆனால் மெல்லிய மண்தூள் தானாகப் பறப்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தரையோடு கிடக்கும். கொஞ்சம் பெரிய மணல் பரல்தான் முதலில் காற்றில் துள்ளும். துள்ளி விழுந்து இடிக்கும் வேகத்தில் நுண்தூளை மேலே எறியும். வறண்டு கிடக்கும் வைகைப் படுகையிலும், உழுதுபோட்ட திருமங்கலம் பக்கத்துக் கரிசலிலும், மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணிலும் இதுதான் நடக்கிறது. நகரத்துச் சாலையில் காற்றின் வேலையைச் சக்கரம் செய்கிறது. ஓரத்தில் குவிந்த மண்ணை அரைத்து அரைத்து மாவாக்கி, போகிற வேகத்திலேயே தூக்கிவிடுகிறது. வறண்ட சாலையைத் துடைப்பத்தால் பெருக்கினால் அந்த மாவு இடம்தான் மாறும், போய்ச் சேரும் இடம் பெருக்குகிறவரின் மூக்கு. லேசாக நனைத்துவிட்டுப் பெருக்கி, குவியலை அங்கேயே விடாமல் அள்ளிவிட வேண்டும். வீட்டுக்குள்ளும் இதே விதிதான்: ஈரத்துணியால் துடைப்பது முதலில், பெருக்குவது அதன்பிறகு.

மண்தூசியில் பெரும்பகுதி 2.5 மைக்ரானைவிடப் பெரியது. மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயின் மேல்கிளைகளிலும் படிந்துவிடும். அங்கே சளிப்படலமும் அதை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிர்களும் இருக்கின்றன. இருமியோ விழுங்கியோ வெளியேற்றிவிடுகிறோம். ஆஸ்துமா உள்ளவருக்கு இதுவே போதும் மூச்சு இறுக. மற்றவர்களுக்கு இதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு இருக்கிறது.

அது கரி. விறகோ டீசலோ குப்பையோ, போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் எரியும்போது கார்பன் முழுதாக எரிந்து முடிவதில்லை. அறுபட்ட கார்பன் துண்டுகள் அறுகோண வளையங்களாகக் கூடி, வளையங்கள் அடுக்காகி, 20 முதல் 40 நானோமீட்டர் உருண்டைகளாகி, அவை திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொள்ளும். அடுக்காக முடியாமல் நின்றுபோன வளையங்கள், பென்சோபைரீன் போன்றவை, அந்தக் கொத்தின் மேல் பூச்சாகப் படியும். புற்றுநோய் உண்டாக்கும் தன்மை பெரிதும் அந்தப் பூச்சில்தான். வெளிக்காற்று மாசும் அதிலுள்ள நுண்துகளும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் முதல் பிரிவில் வைத்தது.

பச்சை விறகு ஏன் இவ்வளவு புகைகிறது? வெட்டிய புதிதில் சீமைக் கருவேலத்தின் எடையில் கணிசமான பங்கு தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2.26 மெகாஜூல் வெப்பம் போகும். அந்த அளவுக்குத் தீ குளிர்ந்துவிடும். குளிர்ந்த தீயில் மரத்திலிருந்து வெளியேறும் தார் ஆவி எரியாமலே புகையாகக் கிளம்பி, வெளிக்காற்றில் சுருங்கித் துளித்துகளாகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத தார், கருப்புப் புகை என்றால் சூடு இருந்தும் காற்று போதாமல் உருவான கரி. சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கரிமூட்டங்களில் வேண்டுமென்றே காற்றை அடைத்து வேகவைப்பதால் நாள்கணக்கில் அந்த வெள்ளைப் புகை வெளியேறிக்கொண்டிருக்கும். வீட்டு அடுப்புக்கு விறகுதான் வழி என்றால் பிளந்து, வெயிலில் மாதக்கணக்கில் காய வைத்து, சிறு துண்டுகளாக வைத்து எரிப்பதிலேயே புகை கணிசமாகக் குறையும். கேஸ் அடுப்புக்கு மாறுவதோடு இதை ஒப்பிடவே முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

டீசலில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு. அதற்கு முன் 50. புது வண்டிகளில் கரியைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்கிறது. பிடித்த கரியை அது சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மாசி வீதிகளுக்குள் கால்மணி நேரம் ஊர்ந்துவிட்டு இன்ஜினை நிறுத்துகிற வண்டிக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும். அதைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்கக் கூடாது. நான்குவழிச் சாலையில் இருபது, முப்பது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் தானே எரித்துக்கொள்ளும்.

மூன்றாவது சரக்கு புகைபோக்கியில் துகளாக வெளியே வருவதே இல்லை. வாயுவாக வந்து காற்றிலேயே துகளாகிறது. நிலக்கரியில் உள்ள கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு ஆகும். வெயிலில் உண்டாகும் ஹைட்ராக்சில் (எதனோடும் உடனே வினைபுரியும் ஒரு துண்டு மூலக்கூறு) அதைப் பிடித்தும், மேகத் துளிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு பிடித்தும் கந்தக அமிலமாக்கும். மாட்டுத்தொழுவம், யூரியா போட்ட வயல், சாக்கடை ஆகியவற்றிலிருந்து எழும் அம்மோனியா அந்த அமிலத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் ஆகும். 64 கிராம் வாயு 132 கிராம் துகளாகிறது. வந்ததைவிட இரண்டு மடங்கு எடை. இந்த மாற்றத்துக்கு மணிக்கணக்கிலிருந்து நாள்கணக்கு வரை ஆவதால், கொதிகலன் ஒரு மாவட்டத்தில் இருக்கும், துகள் இன்னொரு மாவட்டத்தில் பிறக்கும். ஊருக்குள் மட்டும் மூல காரணத்தைத் தேடுவது இதனால்தான் போதாது. சல்பேட்டுக்கு நிறமும் கிடையாது. ஃபில்டர் வெள்ளையாக இருப்பதால் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது.

வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடு நைட்ரிக் அமிலமாகி, அதே அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் நைட்ரேட் ஆகும். இது சல்பேட் போல உறுதியானதல்ல. மார்கழிக் குளிரில் துகளாக நிற்கும். சித்திரை வெயிலில் மறுபடி வாயுவாகப் பிரிந்துவிடும். முன்னால் சொன்ன நஷ்டம் இதுதான்: காலையில் ஃபில்டரில் படிந்த நைட்ரேட், மொட்டை மாடியில் கருவி சூடேறும் மத்தியானத்தில் பறந்துபோகும். அளவு குறைந்து காட்டும்.

இவையெல்லாம் உள்ளே போனால்? 2.5 மைக்ரானுக்குக் கீழுள்ளவற்றில் ஒரு பகுதி நுரையீரலின் கடைசிக் காற்றுப்பைகள் வரை இறங்கும். பெரியவர் ஒருவருக்குச் சுமார் 48 கோடி காற்றுப்பைகள் உண்டு. அங்கே சளிப்படலமும் இல்லை, நுண்மயிரும் இல்லை. விழுங்கு செல்கள்தான் காவல். கரியை விழுங்கிய செல் அதைக் கரைக்க முடியாமல் அழற்சிக்கான சமிக்ஞைகளை வெளியிடுகிறது. அவை ரத்தத்தில் கலந்து, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டி, இதயத் தமனிகளின் கொழுப்புப் படிவைக் கிளறுகின்றன. காற்று மாசினால் வரும் சாவுகளில் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் பெரிய பங்கு இருப்பது இதனால்தான். இருமலே இல்லாதவருக்கும் இது பொருந்தும். 1993-இல் வெளியான அமெரிக்க ஆறு நகர ஆய்வில், மிக மாசான நகரத்தில் இறப்பு விகிதம் மிகத் தூய்மையான நகரத்தைவிட 26 சதவீதம் கூடுதலாக இருந்தது, புகைப்பழக்கம் முதலியவற்றைக் கணக்கில் கழித்த பிறகும்.

தனித்தனியாகச் சாதுவாக இருப்பவை சேரும்போது மாறுவதும் உண்டு. செம்மண்ணில் இரும்பு நிறைய இருக்கிறது. ஆனால் அது கரையாத ஆக்சைடு, உடம்பில் அதிகம் வினைபுரியாது. அந்தத் தூசியின் மேல் கந்தக அமிலம் படிந்தால் கொஞ்சம் இரும்பு கரைந்து வெளிவரும். கரைந்த இரும்பு நுரையீரல் திரவத்தில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளந்து, கிடைத்ததையெல்லாம் அரிக்கும் ஹைட்ராக்சிலை உண்டாக்கும். பிரேக் தேய்ந்து வரும் செம்பும் இதே வகை வேலையைச் செய்கிறது. மண்ணை நாமும் மாற்ற முடியாது, வருணனும் மாற்ற முடியாது. அமிலத்தையும் பிரேக் தூளையும் குறைக்க முடியும்.

வருணனைச் சொன்னதால்: மழை பெய்தால் காற்று கழுவப்பட்டுவிடும் என்பது பாதி உண்மை. துளி விழும்போது பெரிய தூசி அதில் மோதி ஒட்டும். 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ளவை துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு விலகிப் போய்விடும். புகையின் எடை பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. மழைக்குப் பின் யானைமலை பளிச்சென்று தெரிவது புழுதி போனதற்குச் சான்று. புகையைப் பற்றி அது முழுதாக எதுவும் சொல்லாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அதிகாலைக் காற்றுதான் சுத்தம் என்பார்கள். மார்கழி, தை மாதங்களில் இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, மேலே உள்ள வெதுவெதுப்பான காற்றுக்குக் கீழே மூடிபோட்டதுபோல் நின்றுவிடும். மத்தியானத்தில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் கலந்து விரியும் புகை, விடிகாலையில் ஓரிரு நூறு மீட்டருக்குள் அடைபடும். போகிப் புகையும் தீபாவளி விடிகாலைச் சரவெடியும் இவ்வளவு கனமாக நிற்பதற்கு இதுவும் காரணம். அந்த மாதங்களில் நடைப்பயிற்சிக்கு, முக்கியமாக இதய நோய் உள்ளவர்கள், வெயில் ஏறிய பிறகோ சாயங்காலம் நான்கு மணிக்கோ போவது நல்லது.

வெளிக்காற்றைப் பற்றி இவ்வளவு எழுதினாலும், பல வீடுகளில் மோசமான துகள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிவதற்குள் விடும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கொசுவைக் கொல்வது சுருளில் மிகச் சிறு பங்காக உள்ள மருந்து. மற்றதெல்லாம் அதை மெதுவாக எரித்துச் சூடாக்க வைத்த மரத்தூளும் மாவும். கைக்குழந்தை தூங்கும் அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டு இதைக் கொளுத்தவே கூடாது. கொசுவலை கட்டுங்கள். கற்பூரம் ஒரு கிராம் முழுதாக எரிய சுமார் 10 லிட்டர் காற்று வேண்டும். தட்டில் குவித்துக் கொளுத்தினால் நடுவில் உள்ளதுக்கு அது கிடைக்காது, கரியாகச் சுவரில் ஏறும். சிறு வில்லையாக ஒன்று போதும். வடை சுட்ட எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் கொழுப்பு உடைந்து, புகையும் வெப்பநிலை ஒவ்வொரு முறையும் இறங்கும். கிளிசரால் தண்ணீரை இழந்து அக்ரோலீன் ஆகும், கண்ணைக் கரிக்கும் நெடி அதுதான். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் அடுப்புக்கு மேலே இருக்க வேண்டும். ஃபேனை ஒட்டிய ஜன்னல் திறந்திருந்தால் காற்று அந்த ஜன்னலில் நுழைந்து அப்படியே ஃபேன் வழியாக வெளியேறும், புகை அடுப்பிலேயே நிற்கும். எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வைத்து, பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

போன் செயலியில் வரும் எண் மைக்ரோகிராம் அல்ல, குறியீட்டெண். நம் நாட்டு முறையில் பி.எம். 2.5 அளவு 60 இருந்தால் குறியீடு 100. அமெரிக்க முறையில் அதே காற்றுக்கு 150-க்கு மேல். எந்த முறை என்று பார்க்காமல் இரண்டு செயலிகளை ஒப்பிடாதீர்கள். வீட்டில் வாங்கி வைக்கும் லேசர் சென்சார் ஒளிச்சிதறலை அளப்பது. ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் சல்பேட் துகள் தண்ணீரில் ஊதிப் பருக்கும், சென்சார் கூட்டிச் சொல்லும். சாலைப் புழுதியை அதனால் சரியாகப் பார்க்க முடியாது; அது காட்டும் பி.எம். 10 எண்ணை நம்ப வேண்டாம். தாளிக்கும்போது எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்க்க அது நல்ல கருவி.

கடைசியாக, எடைக்கணக்கு முழுதாகத் தோற்கும் இடம். மேலூர், கீழவளவு பக்கத்துக் கல்லை உலகச் சந்தை காஷ்மீர் ஒயிட் என்ற பெயரில் அறியும். புவியியல்படி கிரானைட் என்ற பெயருக்கே குறைந்தது 20 சதவீதம் குவார்ட்ஸ் (மணலிலும் உள்ள சிலிக்கா படிகம்) வேண்டும். குவார்ட்ஸ் படிகம் உடையும்போது சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்புகள் அறுந்து, புதிய முகத்தில் வினைபுரியத் துடிக்கும் முனைகள் நிற்கும். நாள்பட்ட மணலைவிடப் புதிதாக உடைந்த தூள் கொடியது இதனால்தான். விழுங்கு செல் அதை விழுங்கினால் செல்லின் செரிமானப் பை கிழிந்து செல்லே சாகும். குவார்ட்ஸ் அப்படியே வெளியே வந்து அடுத்த செல்லுக்குப் போகும். அந்த இடமெல்லாம் நார்த்தழும்பாகும். இதுதான் சிலிகோசிஸ். தழும்பை மறுபடி நுரையீரலாக்க மருந்து இல்லை.

1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தில் இதற்கு ஒரு சூத்திரம் இருந்தது: பத்தை, குவார்ட்ஸ் சதவீதத்தோடு இரண்டைக் கூட்டிய எண்ணால் வகுக்க வேண்டும். 30 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் நுரையீரலின் ஆழம் வரை போகும் தூசி கன மீட்டருக்கு 0.31 மில்லிகிராம் வரை இருக்கலாம், அதில் குவார்ட்ஸ் சுமார் 0.09. அமெரிக்காவில் 2016 முதல் குவார்ட்ஸுக்கு 0.05 மட்டும். அந்தச் சூத்திரம் தரும் வரம்பு தளர்வானது. உலர்வாக ஜாக்ஹாம்மர் ஓட்டும் இடத்தில் அந்தத் தளர்ந்த வரம்பும் தாங்காது.

2012-க்குப் பிறகு மதுரை மாவட்டத்தில் கிரானைட் குவாரிகள் பெரும்பாலும் நின்றுபோயின. நோய் நிற்கவில்லை. சிலிகோசிஸ் வழக்கமாக 10 முதல் 30 வருடம் கழித்துத்தான் வெளிப்படும். 2000-களில் குவாரியில் துளைபோட்டவருக்கு இப்போது மூச்சு வாங்கினால் அவர் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அந்த வேலையைத்தான். எக்ஸ்ரேயில் மேல்பகுதியில் தெரியும் புள்ளிகள் காசநோய் போலவே இருக்கும். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு, ஏனென்றால் குவார்ட்ஸ் கொன்ற விழுங்கு செல்கள்தான் காசநோய்க் கிருமிக்கும் காவல். சளிப் பரிசோதனை செய்யாமல் மறுபடி மறுபடி காசநோய் மாத்திரை மட்டும் கொடுக்கப்பட்டால் கேள்வி கேளுங்கள். சிலிகோசிஸ், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்; இழப்பீட்டுச் சட்டத்திலும் இடம் உண்டு. எந்த வருடம் எந்த இடத்தில் என்ன வேலை என்பதை எழுதி வைத்திருப்பது அதற்கு அவசியம்.

இப்போதும் கிரஷரிலும் எம் சாண்ட் ஆலையிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு: தண்ணீர் துளைக்கும் கம்பியின் உள்ளோட்டம் வழியாக நுனிக்கே போக வேண்டும். தூசி கிளம்பிய பிறகு துளையின் வாயில் ஊற்றினால் பயன் மிகக் குறைவு. கட்டிங் பிளேடில் தண்ணீர் வெட்டும் முனையில் விழ வேண்டும். சேற்றைக் காயவிடாமல் ஈரமாகவே அள்ளுங்கள், காய்ந்தால் அது மறுபடி தூசிதான். துண்டை முகத்தில் கட்டுவது பெருந்தூசிக்கு மட்டும். என்95 முகக்கவசம் முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டினால்தான் வேலை செய்யும்; தாடி இருந்தால் ஒட்டாது, மூக்குப் பட்டையை அழுத்தி, வேகமாக ஊதிப் பார்த்து ஓரத்தில் காற்று கசிந்தால் மறுபடி சரிசெய்யுங்கள். வேலை முடிந்ததும் சட்டையை கம்ப்ரசர் குழாயால் ஊதாதீர்கள். உடம்பில் கிடந்த தூளை அப்படியே மூச்சுக்குள் ஏற்றுவது அது. வேலைத்துணியை அங்கேயே மாற்றி, பையில் கட்டிக் கொண்டுபோய், உதறாமல் நேராகத் தண்ணீரில் நனைத்து, பிள்ளைகளின் துணியோடு சேர்க்காமல் துவையுங்கள்.